என் இரண்டு வருஷத்தை யார் கணக்கில் எழுதினீர்கள்?

எனக்கு வயது முற்றிவிட்டதாம். 26.

மூன்று வரி மின்னஞ்சலில் வந்தது அந்தத் தீர்ப்பு. மேலே 'அன்புள்ள மாணவருக்கு' என்று ஒரு அன்பு. கீழே ஒரு 'வருந்துகிறோம்'. நடுவில் விஷயம்: கல்லூரிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டியில் கலந்துகொள்ள வயது வரம்பு 25, பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் நான் அதைத் தாண்டிவிட்டேன். நான் நவம்பரில் பிறந்தவன். போட்டி மார்ச் மாதம். அன்றைக்கு என் உடம்புக்கு 25 வயதுதான். ஆனால் அவர்களுடைய காகிதத்தில் ஜனவரி முதல் தேதியே எனக்கு 26 பிறந்துவிட்டது. பெற்ற தாய்க்குத் தெரியாத பிறந்த நாள்!

எந்தக் கல்லூரி, எந்தப் போட்டி என்று நான் எழுதப் போவதில்லை. பயத்தால் இல்லை. ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஓர் அலுவலகம் மட்டும் பதில் சொல்லும், மற்றவர்கள் எல்லாம் 'அது அவங்க பிரச்சினை' என்று தள்ளி நின்றுகொள்வார்கள். இப்படி விதி எழுதும் எல்லாரையும்தான் நான் கேட்கிறேன். யாரும் தள்ளி நிற்க வேண்டாம்.

இவ்வளவு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் பூக்கடையில் மாலை கட்டுகிற என் அம்மா, "விடுப்பா, ஓட்டம்தானே, உசுரா போச்சு" என்றார். சரி என்று விட்டேன். படிப்பு இருக்கிறது, வேலை தேட வேண்டும், அப்பாவின் மருந்துச் செலவு இருக்கிறது. அழுதுகொண்டிருக்க எங்கள் வீட்டில் யாருக்கு நேரம்? ஆனால் போன மாதம் என் தம்பி கேட்டான். அவன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறான். 400 மீட்டர் ஓடுகிறான், என்னைவிட நன்றாக ஓடுகிறான். "அண்ணே, நானும் சர்விஸ் முடிச்சு, பாலிடெக்னிக் முடிச்சு, அப்புறம் யூனிவர்சிட்டி போனா எனக்கும் இதேதானா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஆமாடா என்றா? அப்போது நான் எதற்கு விடியற்காலையில் எழுந்து ஓடுகிறேன் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும் என்றா?

அதனால்தான் எழுதுகிறேன்.

என் வயது எப்படி 26 ஆனது என்று யாராவது கேட்டீர்களா? அந்த வருஷங்களை நான் ஊர் சுற்றித் தொலைத்தேனா? கடற்கரையில் படுத்துக் கிடந்தேனா?

12 வயதில் ஒரு தேர்வு. அதில் என் மதிப்பெண்ணைப் பார்த்து என்னை வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவில் போட்டார்கள். விரைவுநிலையில் போன பிள்ளைகள் நான்கு ஆண்டில் எழுதிய சாதாரணநிலைத் தேர்வை எழுத எனக்கு ஐந்து ஆண்டு. ஒரு வருஷம் அங்கே போயிற்று. 12 வயதுப் பையன், தேக்காவுக்குப் பக்கத்தில் ஈரறை வாடகை வீட்டில் ஐந்து பேரோடு படுத்துத் தூங்குகிறவன், அந்த வயதில் எவ்வளவு மதிப்பெண் எடுக்கிறான் என்பதை வைத்து அவன் வாழ்க்கையின் வேகத்தை முடிவு செய்தார்கள். சரி, அதுவும் போகட்டும். 1980-களின் தொடக்கத்திலிருந்து இருந்த அந்தத் தரம் பிரிப்பு வேண்டாம் என்று நாடே முடிவு செய்துவிட்டது. 2024-இல் உயர்நிலை ஒன்றுக்குள் போன பிள்ளைகளுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற முத்திரை கிடையாது. நல்ல காரியம். மனசார வரவேற்கிறேன். ஆனால் அந்த முத்திரையைக் குத்தியதால் எனக்குக் கூடுதலாகப் பிடித்த வருஷம்? அது மட்டும் என் கணக்கிலேயே நிற்கிறது. முத்திரையைக் கழற்றியவர்கள் வருஷத்தைக் கழற்றவில்லை.

பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைட்டெக் படிப்பு, இரண்டு ஆண்டு. அதன் பிறகு ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவை, இரண்டு ஆண்டு. அதன் பிறகு பாலிடெக்னிக் என்கிற பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு. ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி ஏறினேன். பல்கலைக்கழக வாசலில் கால் வைத்த ஆகஸ்ட் மாதத்தில் என் வயது 24, காகிதத்தின் கணக்கில் 25. எங்கள் குடும்பத்தில் அந்த வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அன்றைக்கு டன்லப் தெருவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர், லாரியிலிருந்தபடியே எல்லாருக்கும் போன் போட்டார். 'விடாமல் முயல்கிறவர்களுக்குப் பல பாதைகள்' என்று எத்தனை மேடையில் பேசுகிறார்கள். என்னை மாதிரிப் பிள்ளைகளின் படத்தைச் சிற்றேட்டில் போடுகிறார்கள். பாதை நீளமாக இருந்தால் பரவாயில்லை, வந்து சேர்ந்தால் போதும் என்கிறார்கள். நம்பித்தானே வந்தோம்? வந்து சேர்ந்த இடத்தில் விளையாட்டு அலுவலகம் கதவைச் சாத்திவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்கிறதே, இது என்ன நியாயம்?

தேசிய சேவையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குறை சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரித்துவிடாதீர்கள். தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் மொட்டை அடித்துக்கொண்டு இறங்கிய நாளிலிருந்து ஓஆர்டி என்கிற விடுவிப்பு நாள் வரை முழு மனதோடு செய்தேன். ஓட்டத்துக்காக ஒத்திவைப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்பது வேறு விஷயம். 2013-இல் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்தது, 2016-இல் ரியோவில் அவர் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2018-இல் கால்பந்தாட்டக்காரர் பென் டேவிஸ் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த அளவு ஆளா நான்? என் ஓட்டம் ஒலிம்பிக் ஓட்டம் இல்லை. கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு 800 மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதனால் சட்டம் சொன்ன நாளில் போனேன், சட்டம் விட்ட நாளில் வந்தேன்.

அந்த இரண்டு ஆண்டில் என் கால்களுக்கு என்ன ஆனது என்று ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும். நடுத்தூர ஓட்டக்காரனுக்கு 20, 21 வயது என்பது வேகமும் மூச்சும் ஒன்றுசேரும் காலம். நான் அந்த வயதில் பூட்ஸ் போட்டுக்கொண்டு முதுகில் மூட்டையோடு நடந்தேன். அவுட்ஃபீல்ட் பயிற்சிக்குப் போய் வந்தால் பாதத்தில் தோல் இருக்காது. சனிக்கிழமை முகாமிலிருந்து புக்-அவுட் ஆனதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் தோ பாயோ அரங்கத்துக்குப் போய், கனத்த கால்களோடு லேப் லேப்பாக ஓடியிருக்கிறேன். கோச் பார்த்துவிட்டு, "போய்த் தூங்குடா" என்பார். எதற்காக அப்படி ஓடினேன்? வெளியே வந்த பிறகு எனக்கென்று ஒரு காலம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். நாடு எடுத்துக்கொண்ட இரண்டு வருஷத்தை எவனும் என் தலையில் கட்டமாட்டான் என்று நினைத்தேன். யாராவது அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னொன்றையும் கேளுங்கள். நான் இப்போதும் ரிசர்விஸ்ட். கூப்பிட்டால் போக வேண்டும், ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டரை நேரத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். அதிகாரியாக இல்லாதவர்களுக்கு 40 வயது வரை அந்தக் கடமை. அதாவது 40 வயது வரை என் கால்கள் நாட்டுக்காக ஓடத் தகுதியுள்ளவை. 26 வயதில் என் கல்லூரிக்காக ஓடத் தகுதியில்லாதவை. இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை.

'முதல் பருவத்தில் நடந்த போட்டியில் ஓடியிருக்கலாமே, அப்போது உனக்கு 25தானே' என்று கேட்பீர்கள். அதையும் கேட்டார்கள். சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் சேர்ந்த அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கை, இடது கால், வாய் ஒரு பக்கம். லாரிச் சம்பளம் அன்றோடு நின்றது. அம்மா கடையை விட்டுவிட்டு மருத்துவமனையில் உட்கார்ந்தார். தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். வேறு யார்? நான் அந்தப் பருவத்தில் எடுத்த பாடங்களில் பாதியை விட்டேன். பகலில் வகுப்பு, மாலையிலிருந்து நள்ளிரவு வரை உணவு விநியோகம். அந்த வேலை முடிந்துதான் பயிற்சி. செராங்கூன் ரோடு கடைகளில் ஷட்டர் இறங்கும் நேரத்தில் ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி ஓடினேன். அந்தப் பருவத்துப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ட்ரையல்ஸில் முதல் ஆளாக வந்தேன். இரண்டாவதாக வந்த பையன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

பட்டியல் வந்தபோது அதில் என் பெயர் இல்லை. நீங்கள் எடுத்திருக்கும் பாடங்கள் குறைவு, ஆகவே நீங்கள் இந்தப் பருவத்தில் முழுநேர மாணவர் அல்ல, முழுநேர மாணவர் மட்டுமே கலந்துகொள்ளலாம்.

நேரில் போனேன். தமிழ் பேசுகிற ஓர் அம்மா இருந்தார், நல்ல மாதிரி. அப்பாவின் மருத்துவச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "எனக்குப் புரியுது தம்பி. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே. உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க" என்றார்.

எல்லாரும் வருவார்களா? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பாதிப் பாடத்தை விட்டு, சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய், பிறகும் ட்ரையல்ஸில் முதலாவதாக வருகிற ஆட்கள் அத்தனை பேரா வரிசையில் நிற்கிறார்கள்? அப்படி ஒரு வரிசையே இருந்தால், அந்த வரிசையைப் பார்த்து உங்கள் விதிமேல் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

அடுத்த பருவத்தில் பாடங்களை முழுசாக எடுத்தேன். கடன் வாங்கித்தான். முழுநேர மாணவன் ஆனேன். அதற்குள் ஜனவரி வந்துவிட்டது. அந்த மூன்று வரி மின்னஞ்சலும் வந்துவிட்டது.

வயது இருந்தபோது நேரம் போதவில்லை என்றீர்கள். நேரம் வந்தபோது வயது போய்விட்டது என்கிறீர்கள். நான் எப்போதுதான் ஓடுவது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 வயதில் சாதாரணநிலை, 18 வயதில் தொடக்கக் கல்லூரி முடித்து, சேவைக்குப் போய், 21 வயதில் பல்கலைக்கழகம் நுழைகிற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுப் படிப்பு அவன் 25-ஐத் தொடும் ஆண்டில் முடிகிறது. முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை அவன் ஓடலாம். பாலிடெக்னிக் வழியாக வருகிறவனுக்குக் கடைசி ஆண்டில் இடிக்கும். என் வழியாக வருகிறவனுக்கு முதல் ஆண்டிலேயே முடிந்துவிடும். ஒரே ஒரு பையனுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு, எல்லாருக்கும் அதே சட்டைதான் கொடுக்கிறோம், பாருங்கள் எவ்வளவு சமம் என்கிறீர்கள். எந்தப் பையனுக்கு அளவெடுத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? எந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த நேர்கோட்டில் போகிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியாதா?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 30 வயதுக்காரன் மாணவன் என்று பெயர் போட்டுக்கொண்டு 18 வயதுப் பிள்ளைகளோடு ஓடி மெடலை அள்ளிக்கொண்டு போனால் அதுவும் அக்கிரமம்தான். ஓடுவதற்காகவே ஒரு வகுப்பில் சேர்ந்து, பாடப் புத்தகத்தைத் தொடாமல் வருஷக் கணக்காகக் கல்லூரியில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுங்கள். நானும் கை தூக்குகிறேன். ஆனால் அவர்களைப் பிடிக்க விரித்த வலையில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது குனிந்து பார்த்தீர்களா?

'விதியை வளைக்க முடியாது' என்கிறீர்களே, அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. வளையாத விதியா? உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளைப் பாருங்கள். 2017-இல் தைப்பேயில் நடந்தபோது 28 வயது வரை ஓடலாம். 2019-இல் நேப்பிள்ஸில் அது 25 ஆனது. ஒரு பேனாக் கோடு, மூன்று வருஷம் போயிற்று. 28 ஆக இருந்தவரை எங்களைப் போல் சுற்றி வருகிற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. அடுத்தது சீனாவின் செங்டுவில் 2021-இல் நடக்க வேண்டியது. கொரோனாவால் தள்ளிப்போய், மறுபடி தள்ளிப்போய், 2023-இல் நடந்தது. அப்போது என்ன செய்தார்கள்? வரம்பை 27 ஆக்கினார்கள்! போட்டி தாமதமானதற்குப் பிள்ளைகள் பொறுப்பில்லை, அவர்கள் வருஷம் வீணாகக் கூடாது என்ற நியாயம். எவ்வளவு அழகான நியாயம். தோக்கியோ ஒலிம்பிக்கும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஆண்கள் கால்பந்தில் 23 என்ற வரம்பை 24 ஆக்கினார்கள். 2025-இல் ஜெர்மனியில் ரைன்-ரூரில் பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தபோது மறுபடி 25.

அமைப்பாளர்களின் இரண்டு வருஷம் நழுவினால் விதி வளைகிறது. என் இரண்டு வருஷத்தை நாடு எடுத்துக்கொண்டால் விதி வளையாது. அவர்களுடைய தாமதம் தாமதம். என்னுடைய தாமதம் குற்றம். அப்படித்தானே?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அங்கே பணம் ஆடுகிற ஆட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கேகூட, என்சிஏஏ என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில், கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்று கடிகாரம் வைத்தவர்கள், இராணுவ சேவைக்குப் போனால் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவைக்க வழி வைத்திருக்கிறார்கள். தேவாலயப் பணிக்காக ஊர் ஊராகப் போகிற பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளை பெறுகிற ஓட்டக்காரிக்கு ஓர் ஆண்டு கூட்டித் தரவும் வழி இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது கூடுதலாக ஒரு பருவம் கொடுத்தார்கள். கட்டாய சேவை இல்லாத ஒரு தேசம், விரும்பிப் போகிறவனுக்கே கடிகாரத்தை நிறுத்துகிறது. போகாவிட்டால் சிறை என்கிற தேசத்தில், போய் வந்தவனுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உலகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் நம்மைப்போல் கெட்டிக்காரர்கள் இல்லை என்பார்களே, இந்தப் பாடம் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

நம் ஊரையே பாருங்கள். என் தாத்தா ஃபேரர் பார்க் திடலில் ஓட்டம் பார்த்து வளர்ந்தவர். சி. குணாளன் என்று சொன்னால் அவர் முதுகு நிமிரும். நம் தமிழ்ப் பிள்ளை. 20 வயதைத் தாண்டும்வரை பந்து விளையாடிக்கொண்டிருந்தவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போதுதான் பயிற்சியாளர் டான் எங் யூன் கண்ணில் பட்டு ஓட்டத்துக்கே வந்தார். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் வெள்ளி. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 வினாடி. அந்தத் தேசிய சாதனையை முறியடிக்க 33 ஆண்டு ஆனது, 2001-இல் யு.கே. ஷ்யாம் வந்து 10.37 ஓடினார். குணாளன் பிறந்தது 1942 அக்டோபரில். மெக்சிகோவில் ஓடிய அன்று அவருக்கு 26 ஆகச் சில நாள் பாக்கி. ஆனால் என்னை வெளியே நிறுத்திய கணக்கு இருக்கிறதே, பிறந்த ஆண்டுக் கணக்கு, அதை அவருக்குப் போட்டுப் பாருங்கள். 68-இல் 42 போனால் 26. வயது முற்றியவர்! பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்!

2023-இல் ஹாங்சோவில் சாந்தி பெரேரா 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். தடகளத்தில் சிங்கப்பூருக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் 1974-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஊரே கொண்டாடியது, நானும் கத்தினேன், தொண்டை கட்டியது. அவருக்கு அப்போது 27. ஓடுகிறவர்கள் எந்த வயதில் கனிவார்கள் என்று காலண்டருக்குத் தெரியுமா? நான் குணாளனும் இல்லை, சாந்தியும் இல்லை. ஆனால் எங்களில் யார் குணாளன் என்று ஓடவிட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

இது எனக்கு மட்டும் நடந்தது என்று நான் புலம்பவில்லை. 2025 ஜூலையில் அதே ரைன்-ரூருக்கு இந்தியாவிலிருந்து 12 பேட்மின்டன் பிள்ளைகள் போனார்கள். கலப்பு அணிப் போட்டியில் 12 பேரின் பெயரையும் அதிகாரிகள் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஆறு பேர் ஜெர்மனி வரை போய், அணி வெண்கலம் வாங்கியபோது ஆட முடியாமல் வெளியே நின்றார்கள். தகுதித் தேர்வெல்லாம் ஜெயித்து வந்த பிள்ளைகள். யாரோ ஒருவர் ஒரு தாளைச் சரியாக நிரப்பவில்லை. காகிதத்தைக் கெடுத்தவர்கள் பெரியவர்கள், களத்தை இழந்தவர்கள் சின்னவர்கள். எங்கே போனாலும் இதே கதையா?

தமிழ்நாட்டில் புதுக்கோட்டைக் கத்தக்குறிச்சியின் ஓட்டக்காரி சாந்தி சௌந்தரராஜனை மறக்க முடியுமா? செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில், என்னுடைய அதே தூரத்தில், வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்த மெடலைப் பறித்தார்கள். அவர் வழக்கு வேறு, என் வழக்கு வேறு, எனக்குத் தெரியும். அவர் பட்ட அவமானத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. 2012-இல் அவர் மறுபடி சூளையில் வேலை செய்த செய்தி வந்தது. பின்னால் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. 2015-இல் இன்னொரு இந்திய ஓட்டக்காரி டூட்டி சந்த் போட்ட வழக்கில், விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஹார்மோன் விதியை நிறுத்திவைத்தது. அதன் பிறகும் அந்த விதிகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கே உறுதியில்லாத ஒரு விதியை, ஒரு பெண்ணின் வாழ்க்கைமேல் மட்டும் எவ்வளவு உறுதியாகப் போட்டார்கள்! திருத்தி எழுதியவர்களில் ஒருவராவது கத்தக்குறிச்சிக்குப் போய் அந்த வீட்டு வாசலில் நின்று, 'தாயே, தப்பு நடந்துவிட்டது' என்று சொன்னார்களா? விதி மாறும். மாறும்போது, அதற்கு முன்னால் நசுங்கியவர்களை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

எனக்கு இனிமேல் ஒன்றும் வேண்டாம். என் காலம் போய்விட்டது, நீங்கள் சொன்ன அர்த்தத்தில் இல்லாவிட்டாலும். நான் இரக்கத்தையும் கேட்கவில்லை. அந்த அலுவலக அம்மா 'எனக்குப் புரியுது' என்றாரே, அதுபோன்ற புரிதலும் இனி வேண்டாம், எங்களுக்கு அது போதும் போதும் என்று ஆகிவிட்டது.

நான் கேட்பது கணக்கு. சட்டப்படி ஒருவன் தேசிய சேவையில் இருந்த மாதங்களை அவன் வயதிலிருந்து கழியுங்கள். அதற்கான சான்று ஒவ்வொரு பையன் கையிலும் இருக்கிறது, ஒரு பொய் சொல்ல வழியில்லை. வயதைப் பிறந்த ஆண்டில் எண்ணாமல் போட்டி நாளில் எண்ணுங்கள். படிப்பில் எத்தனை ஆண்டு ஓடலாம் என்று வரம்பு போடுங்கள், எந்த வழியாக வந்தான் என்பதற்குத் தண்டனை போடாதீர்கள். வீட்டில் நோய், சாவு, பிரசவம் என்று ஒரு பருவம் பாடத்தைக் குறைக்க நேர்ந்தவர்களின் விண்ணப்பத்தைக் கேட்க மூன்று பேரை உட்காரவையுங்கள், அதில் ஒருவராவது ஓடியவராக இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கையெழுத்தில்லாத 'வருந்துகிறோம்' இனி யாருக்கும் போகக் கூடாது.

இதில் எது முடியாதது? எதற்கு எவ்வளவு செலவு? செங்டுவுக்காக இரண்டு வருஷத்தைக் கூட்டியபோது உலகம் இடிந்து விழுந்ததா?

என் தம்பிக்கு அடுத்த ஆண்டு தேசிய சேவைக் கடிதம் வரும். அவன் போவான், சந்தோஷமாகவே போவான். இரண்டு வருஷம் கழித்து வந்து, படித்து, ஒருநாள் உங்கள் மேசைக்கு முன்னால் விண்ணப்பத்தோடு நிற்பான். அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? அதை இப்போதே எழுதிக் கொடுங்கள். அவன் எழுந்து ஓடுவதா, படுத்துத் தூங்குவதா என்று இன்றைக்கே முடிவு செய்துகொள்ளட்டும்.